பார்மட் செய்யவா என்று கணினி கேட்டால்...

நமது தொலைக்காட்சி அரங்கத்தில் கணினி பற்றிப் பேசும் நாள் வந்துவிட்டால் தொலைபேசி மணி ஓயாது. பிள்ளைகளின் கைப்பேசிப் பழக்கம், இணைய மோசடி, மறந்துபோன கடவுச்சொல் என்று கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அன்று வந்த ஓர் அழைப்பு மட்டும் வேறு மாதிரி. கேமரன் மலை, கியா பார்மிலிருந்து ஒரு பெரியவர் பேசினார்.

"தங்கச்சி, எங்க அம்மா பேசுன வீடியோ ஒரு ஹார்ட் டிஸ்க்ல இருக்கும்மா. ரெண்டு வாரமா கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்க்கிறோம், ஒண்ணுமே காட்டல. இன்னிக்குத்தான் மொதல் தடவையா ஏதோ ஒரு எழுத்து வந்துச்சு. பார்மட் பண்ணவான்னு கேக்குது. பேரன் அமுக்கலாம்னு சொல்றான். அமுக்கட்டுமா?"

அரங்கில் என் பக்கத்தில் கணினி பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் விருந்தினராக அமர்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "அமுக்காதீங்க ஐயா! கையை எடுத்துடுங்க!" என்று சத்தம் போட்டுவிட்டார். நேரலை நிகழ்ச்சியில் விருந்தினர் கத்துவது நல்ல பழக்கம் இல்லைதான். அன்று அந்தக் கத்தல் இல்லாவிட்டால் ஒரு குடும்பத்தின் சொத்து போயிருக்கும்.

அன்று அரங்கில் கிடைத்த நேரம் மூன்றே நிமிடம். அதற்குள் சொல்லி முடிக்க முடியாததை இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் பொறியியல் படித்தவள் அல்லள். மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு ஒளிபரப்புக்கு வந்தவள். ஆனால் எங்கள் தொழிலே ஹார்ட் டிஸ்க்கை நம்பித்தான் ஓடுகிறது. படம் பிடித்தது எல்லாம் அதற்குள்தான் போய் உட்காருகிறது. அதனால் பட்டுத் தெரிந்துகொண்டது கொஞ்சம், அந்த அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது மீதி.

அடுத்த வாரமே வேறொரு படப்பிடிப்புக்காக எங்கள் குழு கேமரன் மலைக்குப் போக வேண்டியிருந்தது. தாப்பாவில் ஏறி, ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் எல்லாம் தாண்டினால் கியா பார்ம். காய்கறிச் சந்தையும் ஸ்ட்ராபெரியும் வாங்கப் போனவர்களுக்கு அந்த இடம் தெரியும். சனி ஞாயிறுகளில் அந்தச் சாலையில் கார் நகராது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் பாதை. பெரியவர் வீட்டுக்கும் ஒரு நடை போய் வந்தோம்.

அவருடைய தாயார் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர். தங்கை மகன் தலைநகரில் வீடியோ தொகுக்கும் வேலை பார்க்கிறார். அவர் ஒரு விடுமுறையில் வந்தபோது பாட்டியை உட்காரவைத்து மூன்று மணி நேரம் பேசவிட்டுப் படம் பிடித்திருக்கிறார். விடியற்காலைப் பெரட்டு, முதுகில் கூடை, மழையில் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மலை ஏறியது, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரல் எப்படிக் கிள்ள வேண்டும் என்பது, எல்லாவற்றையும் அந்த அம்மா சொல்லியிருக்கிறார். இன்று தோட்டங்களில் பெரும்பாலும் கத்தரியும் இயந்திரமும்தான் வெட்டுகின்றன. கையால் கிள்ளியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். படம் பிடித்த சில மாதங்களில் அந்த அம்மாவும் காலமாகிவிட்டார். திவசத்துக்குள் பார்க்கட்டும் என்று மருமகன் அந்த ஹார்ட் டிஸ்க்கைப் பேருந்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறார். வேறு நகல் கிடையாது. வேலைக் கணினியில் இடம் போதவில்லை என்று அங்கே இருந்ததை அழித்துவிட்டாராம்.

இதுதான் நிலைமை. இனி விஷயத்துக்கு வருவோம்.

உள்ளே என்ன இருக்கிறது?

கையடக்கமான அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இரண்டு பொருள் இருக்கின்றன. ஒன்று, உண்மையான வன்தட்டு. அதைத்தான் நாம் ஹார்ட் டிஸ்க் என்கிறோம். மற்றது, அந்த வன்தட்டையும் யுஎஸ்பி கேபிளையும் இணைக்கும் சிறிய மின்சுற்றுப் பலகை. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். கணினிக்கும் நம் படத்துக்கும் நடுவில் கணினியின் துளை, கேபிள், பெட்டியின் துளை, இந்தப் பலகை, மின்சாரம், அதற்கப்புறம் விண்டோஸ் என்று இத்தனை பேர் நிற்கிறார்கள். இவர்களில் யார் படுத்துக்கொண்டாலும் கணினி "தெரியவில்லை" என்றுதான் சொல்லும். வீட்டு மணி அடித்து யாரும் வரவில்லை என்றால் வீட்டில் ஆளே இல்லை என்று அர்த்தமா? மணியே கெட்டுப்போயிருக்கலாம்.

வன்தட்டுக்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டத் தகடு சுழல்கிறது. கையடக்க வகையில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. அதன்மேல் எழுதும் படிக்கும் முனை தகட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதந்துகொண்டே போகும். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்றால், அது எவ்வளவு சிறிய இடைவெளி என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1956ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் இரண்டடி விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தன. ஒரு டன்னுக்கு மேல் எடை. அதில் அடங்கியது ஐம்பது லட்சம் எழுத்துகள், அதாவது இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றிரண்டு. அங்கிருந்து நம் சட்டைப்பை வரை வந்திருக்கிறது.

இந்தத் தொழிலுக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. பினாங்கிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் இந்த வன்தட்டுகளைச் செய்த ஆலைகளில் நம் பெண்கள் எத்தனையோ பேர் வேலை செய்திருக்கிறார்கள். பெட்டாலிங் ஜெயாவில் இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக அந்த நிறுவனம் 2018 ஜூலையில் அறிவித்தபோது அது பெரிய செய்தியானது.

பெரியவருக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. "இவ்வளவு மேட்டுல இருக்கோமே, அதனால வேலை செய்யலையோ?" சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை இது. முனை மிதப்பதற்குக் காற்று வேண்டும், மலை ஏற ஏறக் காற்று மெலிகிறது. அதனால்தான் சாதாரண வன்தட்டுகளுக்கு இயங்கும் உயர வரம்பு ஒன்றைத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். பொதுவாக அது 3,000 மீட்டருக்குச் சற்று மேல். இங்கே உயரமான பிரிஞ்சாங் மலையுச்சியே 2,031 மீட்டர்தான். ஆகவே கேமரன் மலை எங்கும் பயமில்லை.

உயரம் செய்யாத கெடுதலைக் குளிர் செய்யும். கேமரன் மலையில் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த பெட்டியைக் காரில் குளிரூட்டியையும் போட்டுக் கொண்டுவந்து, தாப்பா வெயிலில் இறங்கியதும் உடனே இணைத்தால், மூக்குக் கண்ணாடியில் படிவது போல ஈரம் படியும். எங்கள் கேமரா லென்சில் இதை அடிக்கடி பார்க்கிறோம். லென்சைத் துடைக்கலாம், தகட்டை முடியாது. கீழே வந்ததும் பையிலேயே வைத்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து இணையுங்கள்.

முதலில் காதைக் கொடுங்கள்

எந்தப் பொத்தானையும் தொடுமுன் பெட்டியைக் கேபிளில் இணைத்து, மேசைமேல் வைத்து, காதை அருகில் கொண்டுபோங்கள். மெல்லிய ரீங்காரம் கேட்டால் தகடு சுழல்கிறது. நல்ல செய்தி. விளக்கும் எரியவில்லை, சத்தமும் இல்லை என்றால் மின்சாரமே போகவில்லை. அதுவும் பெரும்பாலும் சரிசெய்யக் கூடியதுதான். "டிக், டிக், டிக்" என்று ஒரே சீராகத் தட்டும் சத்தமோ, உரசும் சத்தமோ வந்தால் உடனே கேபிளை உருவிவிடுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உங்களுடையது எஸ்எஸ்டி என்ற புதிய வகை என்றால் இந்தச் சோதனை செல்லாது. அதில் சுழல எதுவும் இல்லை, எப்போதும் ஊமைதான்.

பெரியவர் வீட்டில் முதல் இரண்டு வாரம் நடந்தது இதுதான்: விளக்கு எரிந்தது, ரீங்காரமும் கேட்டது, ஆனால் கணினியில் எதுவும் தெரியவில்லை. பேரன் கணினியை மூன்று முறை அணைத்துப் போட்டான். நச்சுநிரல் என்று சந்தேகப்பட்டு அதற்கான மென்பொருளையும் ஓடவிட்டான். "எந்த கேபிள் தம்பி போட்டீங்க?" என்று கேட்டேன். தயங்கிக்கொண்டே கைப்பேசி சார்ஜர் கேபிளை எடுத்துக் காட்டினான். பார்சலைப் பிரித்தபோது கூடவே வந்த கேபிள் எங்கேயோ போய்விட்டதாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பல ஹார்ட் டிஸ்க் பெட்டிகளில் அகலமான, இரண்டு பகுதியாகப் பிரிந்த துளை இருக்கும். அதில் பெரிய பகுதிக்குள் பழைய கைப்பேசி கேபிள் அச்சாகப் பொருந்தும். பொருந்துவது தப்பில்லை. நல்ல கேபிளாக இருந்தால் வேகம் குறைந்தாலும் வேலையும் செய்யும். ஆனால் மலிவான கைப்பேசி கேபிள்கள் சிலவற்றில் மின்சாரம் போகும் கம்பிகள் மட்டும்தான் இருக்கும், தகவல் போகும் கம்பிகளே இருக்காது. விளக்கு எரியும், தகடு சுழலும், கணினிக்கு மட்டும் ஒரு சொல்லும் போய்ச் சேராது. இரண்டு வாரக் கவலைக்குக் காரணம் அந்தக் கேபிள்தான். பிறகு பேரன் கடையில் சரியான கேபிளை வாங்கி வந்து போட்ட அன்றுதான் "பார்மட் செய்யவா" என்ற எழுத்தே வந்தது. அன்றுதான் எங்களை அழைத்திருக்கிறார்கள்.

ஆகவே கேபிளை மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வைத்தியம். அடுத்தது துளையை மாற்றுவது. மேசைக் கணினியாக இருந்தால் முன்பக்கத் துளையை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் செருகுங்கள். பின்பக்கத் துளைகள் தாய்ப்பலகையிலேயே இருப்பவை. முன்பக்கத்துக்கு உள்ளே ஒரு வயர் ஓடிவருகிறது, வழியில் மின்சாரம் பலவீனப்படலாம். நான்கைந்து துளை உள்ள யுஎஸ்பி ஹப்பில் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராகக் கணினியில் மாட்டுங்கள்.

மின்சாரக் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. பழைய யுஎஸ்பி 2 துளை தருவது 500 மில்லி ஆம்பியர். உள்ளே நீல நிறம் பூசிய யுஎஸ்பி 3 துளை 900 வரை தரும். தகடு நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்த ஒரு நொடியில்தான் அதிக மின்சாரம் வேண்டும். பாரம் ஏற்றிய லோரி மேட்டில் கிளம்புவது மாதிரி. பழைய மடிக்கணினியில் அது போதாமல் போனால் சுழல முயன்று நின்று, மறுபடி முயன்று நிற்கும். அந்தச் சத்தத்தைச் சிலர் ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேறு கணினியில் போட்டால் உயிரோடு எழுந்து உட்காரும்.

பெரிய வகைப் பெட்டிகளுக்குத் தனி அடாப்டர் உண்டு, பெரும்பாலும் 12 வோல்ட். மடிக்கணினியின் அடாப்டர் பெரும்பாலும் 19 வோல்ட். சில நேரம் முனை ஒரே மாதிரி இருந்துவிடும். மாற்றிச் செருகினால் "பட்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை அவசரத்தில் நானே செய்தேன். நல்ல வேளை, பலகையில் இருந்த பாதுகாப்பு உறுப்பு மட்டும் கருகி, தகடு தப்பித்தது. அன்றிலிருந்து ஒவ்வோர் அடாப்டரிலும் எதற்கு உரியது என்று வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டிவிட்டேன்.

கணினிக்குத் தெரியும், நமக்குக் காட்டவில்லை

கேபிள் சரி, மின்சாரம் சரி, ஆனாலும் "மை கம்ப்யூட்டர்" பக்கத்தில் எதுவும் இல்லை. இப்போது விண்டோஸுக்குள் போக வேண்டும். விசைப்பலகையில் விண்டோஸ் படம் போட்ட பொத்தானையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் "டிஸ்க் மேனேஜ்மெண்ட்" என்பதைத் திறங்கள். கணினியோடு இணைந்த எல்லாத் தட்டுகளும் அங்கே பட்டை பட்டையாகத் தெரியும். இந்தப் பக்கம் பார்ப்பதற்கு மட்டும்தான் என்று முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கை தவறினால் எல்லாம் போகும்.

உங்கள் பெட்டியின் கொள்ளளவை வைத்து எது என்று கண்டுபிடியுங்கள். பட்டை நல்ல நிலையில் இருக்கிறது, ஆனால் ஈ, எஃப், ஜி என்ற எழுத்து இல்லையா? அப்படியானால் விண்டோஸ் அதற்குக் கதவு எண் கொடுக்க மறந்துவிட்டது. அலுவலகக் கணினிகளில் வேறொரு தட்டு அதே எழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதும் இது நடக்கும். வலப்பக்கச் சொடுக்கு செய்து எழுத்தை மாற்றும் கட்டளையைத் தேர்ந்தெடுத்து, பயன்படாத ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும். உள்ளே இருப்பவை எதுவும் அழியாது.

அங்கே "ரா" என்று எழுதியிருந்தால் விண்டோஸால் உள்ளே இருக்கும் அடுக்கு முறையைப் படிக்க முடியவில்லை என்று பொருள். "நாட் இனிஷியலைஸ்டு" என்றால் தட்டின் முதல் பக்கமே அதற்குக் கிடைக்கவில்லை. இரண்டு இடத்திலும் விண்டோஸ் மிகவும் பணிவாக ஓர் உதவி செய்ய முன்வரும். ஒன்றில் "பார்மட் செய்யவா", மற்றதில் "இனிஷியலைஸ் செய்யவா". இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: "கேன்சல்".

பார்மட் என்பது என்ன? ஒரு நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகங்கள் எல்லாம் அலமாரியில் இருக்கின்றன, எது எங்கே என்று சொல்லும் பட்டியல் மட்டும் கிழிந்துவிட்டது, அல்லது வேறு மொழியில் இருக்கிறது. நூலகர் வந்து, "பட்டியல் எனக்குப் புரியவில்லை, பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெற்றுப் பட்டியல் ஒன்று எழுதட்டுமா?" என்று கேட்கிறார். சரி என்றால் அலமாரி காலி என்று கணக்காகிவிடும். புத்தகங்கள் கொஞ்ச காலம் அங்கேயே கிடக்கும், நிபுணர்கள் தேடி எடுக்கவும் கூடும். ஆனால் புதிதாக ஏதாவது வைக்க வைக்கப் பழையவை நிரந்தரமாகப் போகும். முழு பார்மட் கொடுத்துவிட்டால் அந்த வாய்ப்பும் கிடையாது, அது தட்டு முழுக்க அழித்து எழுதிக்கொண்டே போகும். தேதி பார்த்து, பெயர் எழுதி, பாசத்தோடு சேர்த்து வைத்ததை ஒரு பொத்தான் இப்படித்தான் காலி செய்கிறது.

கியா பார்ம் வீட்டில் பட்டியல் கிழியவில்லை. வேறு மொழியில் இருந்தது. மருமகன் தலைநகரில் வேலை செய்வது ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினியில். அந்தக் கணினிக்குரிய முறையில்தான் ஹார்ட் டிஸ்க்கைத் தயார் செய்திருக்கிறார். விண்டோஸுக்கு அந்த மொழி தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், "இது பயன்படாத தட்டு, பார்மட் செய்" என்று அதுவாக முடிவு கட்டிவிடுகிறது. நல்ல உடம்போடு இருக்கும் ஹார்ட் டிஸ்க்குகளை நாமே கொல்வது இந்த இடத்தில்தான். அந்த அண்ணன் தன் கடைக்கு வரும் கதைகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறாராம். கெட்டுப்போனதைவிட, அவசரப்பட்டு அமுக்கியதுதான் அதிகம் என்கிறார்.

படத்தை இறக்கிக்கொள்ள எங்கள் குழு கொண்டுபோயிருந்த மடிக்கணினியும் மேக்தான். அதில் செருகினோம். சில நொடியில் திரையில் சின்னம் வந்தது. திறந்தால் மூன்று வீடியோ கோப்புகள். முதல் கோப்பைத் தட்டியதும் அந்த அம்மா, சால்வையைப் போர்த்திக்கொண்டு, "ஓடுதாப்பா? பேசட்டுமா?" என்று பேரனைக் கேட்டார். வீட்டில் யாரும் பேசவில்லை. பெரியவர் எழுந்து சமையலறைப் பக்கம் போய்விட்டார்.

மேக் கணினி கையில் இல்லாதவர்கள் அப்படி ஒன்று வைத்திருப்பவரிடம் கொண்டுபோகலாம். மேக் தட்டை விண்டோஸில் படிக்க உதவும் மென்பொருள்களும் இருக்கின்றன. எடுத்ததும் வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் போடுங்கள். அந்தப் புதிய தட்டை "எக்ஸ்ஃபேட்" என்ற முறையில் தயார் செய்தால் விண்டோஸும் மேக்கும் இரண்டுமே அதில் படிக்கும், எழுதும். பழைய "ஃபேட் 32" முறை வேண்டாம். அதில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்டக் கூடாது. பெரிய வீடியோ பாதியிலேயே நின்றுவிடும்.

உண்மையாகவே நோய் வந்தால்

எல்லாக் கதையும் கேபிளோடு முடிவதில்லை. கீழே விழுந்த ஹார்ட் டிஸ்க், டிக் டிக் என்று தட்டும் ஹார்ட் டிஸ்க், உரசும் ஹார்ட் டிஸ்க், இவற்றில் முனை பழுதாகியிருக்கலாம். அந்த நிலையில் சுழலவிடும் ஒவ்வொரு நிமிடமும் தகட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கக் கூடும். எந்த மென்பொருளும் இதற்கு உதவாது. மீண்டும் மீண்டும் செருகிப் பார்க்காமல் தகவல் மீட்பு செய்யும் இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். தூசி இல்லாத சுத்த அறை வைத்திருக்கிறார்களா, மீட்க முடியாவிட்டால் கட்டணம் உண்டா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள். செலவு சாதாரணமாக இருக்காது. எனவே உள்ளே இருப்பது என்ன என்று நினைத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இறக்கி வைத்த சினிமாப் படங்கள் என்றால் விட்டுவிடலாம்.

குளிர்சாதனப் பெட்டியின் உறைபனி அறையில் ஓர் இரவு வைத்தால் சரியாகிவிடும் என்று இணையத்தில் ஒரு வைத்தியம் சுற்றுகிறது. வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்ததும் தகட்டில் ஈரம் படிந்து, இருந்த கொஞ்ச வாய்ப்பும் போய்விடும். பெட்டியைத் திருப்புளியால் திறந்து பார்ப்பதும் அப்படித்தான். சில நிறுவனங்களின் பெட்டிகளில் நான் முன்பு சொன்ன அந்தச் சிறிய பலகைதான் தகவலைப் பூட்டியும் திறந்தும் தருகிறது. வன்தட்டை மட்டும் கழற்றி வேறு பெட்டியில் போட்டால் வெறும் குப்பை எழுத்தாகத்தான் தெரியும்.

சத்தம் சாதாரணமாக இருந்து, பட்டியல் மட்டும் கெட்டுப்போன நிலையில் நாமே முயன்று பார்க்க இடம் உண்டு. "டெஸ்ட்டிஸ்க்", "ஃபோட்டோரெக்" என்று இரண்டு இலவச மென்பொருள்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. இரண்டையும் எழுதியவர் ஒரு பிரெஞ்சு நாட்டு நிரலாளர். முன்னது பட்டியலைச் சரிசெய்ய முயலும், பின்னது பட்டியலைப் பாராமலே தட்டைத் துழாவிப் படங்களையும் வீடியோக்களையும் பொறுக்கித் தரும். பெயர்கள் போய்விடும், படம் கிடைக்கும். மீட்டதை அதே தட்டில் மட்டும் சேமிக்காதீர்கள். இன்னொரு தட்டு வேண்டும். கணினியில் பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஒரே நகல்

1998இல் பிக்சார் நிறுவனத்தில் "டாய் ஸ்டோரி 2" படம் தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ தவறுதலாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி கோப்புகள் அழிந்தன. நகல் இருக்கிறது என்று நம்பிப் போய்ப் பார்த்தால் அந்த நகல் எடுக்கும் ஏற்பாடும் சரியாக வேலை செய்யவில்லை. கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் அப்போது பிள்ளை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்து வந்தார். அவர் வீட்டுக் கணினியில் இருந்த நகலை வைத்துத்தான் படத்தை மீட்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அப்படி. ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டேன், பத்திரமாக இருக்கிறது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அது பெட்டிதான், பெட்டகம் அல்ல. வேறு எங்கும் இல்லாத ஒரே நகல் அதில் இருக்கிறது என்றால் ஆபத்தில்தான் இருக்கிறது. மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்று புகைப்படக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று முடியாவிட்டால் இரண்டாவது இருக்கட்டும்.

இதைச் சொன்னபோது அந்தப் பேரன், "கிளவுட்ல போட்டுடலாமே அக்கா?" என்றான். போடலாம். ஆனால் மலை மேல் இணைய வேகம் எல்லா வீட்டிலும் ஒன்றுபோல இல்லை, மூன்று மணி நேர வீடியோ ஏறி முடிய நாள் பிடிக்கும். அங்கே ஒரு நகல், கையில் ஒரு நகல் என்றால் நல்லது.

அன்று மாலையே ஒரு புதிய ஹார்ட் டிஸ்க் வாங்கி வரச் சொல்லி, எங்கள் கணினியிலிருந்து நகல் போட்டுக் கொடுத்தோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை அந்த அம்மாவின் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், எங்கள் ஒளிப்பதிவாளர் உட்பட. கொழுந்து முற்றியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க மாட்டாராம், கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடுமாம்.

போன வாரம் பெரியவர் மறுபடி அழைத்தார். பழையது கியா பார்ம் வீட்டு அலமாரியில் இருக்கிறது, புதியது ஈப்போவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டது. காணாமல் போன பழைய கேபிளும் கிடைத்துவிட்டதாம், பார்சல் பெட்டிக்குள்ளேயே, அட்டைக்கு அடியில்.